யாரைப் பார்த்து நகைக்கின்றார் தந்தையார்?

மதுரை மாட்டுத்தாவணிக் காய்கறி அங்காடியில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சற்று நேரம் நின்றாற் போதும். இக்காட்சி கண்ணிற் படாது போகாது. தந்தை ஒருவர் பத்தகவை மகனைக் கையிற் பிடித்தவாறு காய் வாங்குகின்றார். கடைக்காரர் கணக்குப் பார்த்து, "மொத்தம் எழுபத்தொன்பது" என்கின்றார். பையன் அண்ணாந்து தந்தையின் முகத்தைப் பார்க்கின்றான். "டாடி, எழுபத்தொன்பதுன்னா செவன்ட்டி நைனா, எய்ட்டி நைனா?" என்று கேட்கின்றான். தந்தை உரக்க நகைக்கின்றார். "இவனுக்குத் தமிழ்க் கணக்கெல்லாம் வராதுங்க; எல்லாம் இங்கிலீசு மீடியம்" என்று கடைக்காரரிடம் சொல்கின்றார். சொல்லும்போது அவர் முகத்தில் நாணம் இல்லை. பட்டம் பெற்றவன் முகத்து ஒளி இருக்கின்றது.

அந்நகைப்பு அன்றோடு முடிவதும் இல்லை. மறுநாள் அலுவலகத்தில் நண்பகல் உணவின்போது அச்செய்தி மீண்டும் சொல்லப்படுகின்றது. உடனே இன்னொரு தந்தை, தம் மகள் ழகரத்தைக் கண்டு 'இஃதென்ன படம்?' என்று கேட்டதைச் சொல்கின்றார். மூன்றாமவர், தம் மகன் தன் அப்பத்தாளிடம் பேசுதற்குத் தம்மையே மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டதைச் சொல்கின்றார். உணவுக்கூடமே நகைப்பொலியால் அதிர்கின்றது. பிள்ளைகளின் குறும்பைப் பேசி மகிழ்வது தந்தையர்க்கு இயற்கை. ஆயின், இங்குப் பேசப்படுவது பிள்ளையின் குறும்பா? பிள்ளை தன் தாய்மொழியை இழந்த செய்தியன்றோ குறும்பு என்னும் பெயரால் பேசப்படுகின்றது!

நகையைத் தமிழர் இலக்கணமாகவே ஆய்ந்தவர். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதற்கண் வைத்தார். அது தோன்றும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கென்றும் வகுத்தார். அந்நான்கையும் அளவுகோலாகக் கொண்டு இத்தந்தையாரின் நகைப்பை அளந்து பார்ப்பது தகும். அவர் எதனைக் கண்டு நகைக்கின்றார்? யாரைப் பார்த்து நகைக்கின்றார்?

இளமை

இளமை கண்டு பிறக்கும் நகை தூயது. அதனைப் பாட்டில் வைத்தவன் பாண்டியன் ஒருவன். அறிவுடைநம்பி என்பது அவன் பெயர். புறநானூற்றின் 188-ஆம் பாட்டு அவன் பாடியது. மதுரையை ஆண்ட மரபினன். பலரோடு உடனிருந்து உண்ணும் செல்வம் உடையவன். அவன் எண்ணிப் பார்த்து மகிழ்ந்தது படையையோ கொடியையோ அன்று. உண்ணும் வேளையில் தளர்நடையிட்டு வந்து, கலத்துக்குள் கையை விட்டு, சோற்றைக் கலக்கி இறைத்து, தின்றது போக எஞ்சியதை உடம்பெல்லாம் பூசிக்கொண்டு நிற்கும் பிள்ளையையே எண்ணினான். அத்தகைய பிள்ளை இல்லாதார்க்கு வாழ்நாளிற் பயனாவது ஒன்றில்லை என்று முடித்தான். அரசவையில் அறம் உரைத்த வாய், அடுக்களையில் பிள்ளை செய்த அழும்பையும் பாடியது. தமிழ்த் தந்தையின் வீட்டு நகைச்சுவைக்கு இதனினும் பழைய சான்று வேண்டுமோ?

அவ்வறிவுடைநம்பிக்கு வரிகொள்ளும் முறையை எடுத்துரைத்தவர் பிசிராந்தையார். ஆண்டு பல கடந்தும் தலை நரையாமைக்குக் கரணியம் கேட்டார்க்கு, அவர் முதற்கண் சொன்னது மனைவியின் மாட்சியும் மக்களின் நிரம்பிய அறிவுமே. இற்றைத் தந்தையர்க்கோ பள்ளிக் கட்டணத்துக்குரிய நாள் நெருங்கும்போதே நரை ஏறிவிடுகின்றது!

வள்ளுவப் பெருமானும் மக்கட்பேற்றுக்கென ஓர் அதிகாரம் வகுத்து, பிள்ளையின் சிறுகை அளைந்த கூழையும் அதன் மழலையையும் போற்றினார். பின்வந்தோர் பிள்ளைத்தமிழ் என்று ஒரு நூல்வகையே கண்டனர். திருமலை மன்னர் காலத்தில், 17-ஆம் நூற்றாண்டில், குமரகுருபர அடிகள் மதுரை அங்கயற்கண்ணியம்மைமீது பாடிய பிள்ளைத்தமிழை அறியாத தமிழ்ப் புலவர் இலர். தவழ முயல்வது செங்கீரை, கைகொட்டுவது சப்பாணி, நடந்து வருவது வருகை, நிலவைக் கூப்பிடுவது அம்புலி என்று பிள்ளையின் வளர்ச்சிக்குப் பருவம் பருவமாகப் பெயரிட்ட மொழி தமிழ். அவற்றுள் ஒன்று தாலப் பருவம். தால் என்பது நாவிற்கு ஒரு பெயர். நாவை ஆட்டிப் பாடுவதே தாலாட்டு. எனவே, தாய்மொழி பள்ளிக்கூடத்துக் கரும்பலகையிற் பிறப்பதன்று. தொட்டிலின் அருகே, பெற்றோர் நாவின் அசைவிற் பிறப்பது.

இளமை கண்டு நகைத்த தமிழ்த் தந்தை, பிள்ளை அறியாதனவற்றை அறியுமாறு செய்தான். மழலை மாறிச் சொல்லாயிற்று. சொல் வளர்ந்து அறிவாயிற்று. காய்கறி அங்காடியில் நகைப்பவரோ பத்தகவையிலும் மகன் தன் மொழியில் மழலை நிலையிலேயே நிற்றலைக் கண்டு மகிழ்கின்றார். இஃது இளமை கண்ட நகை அன்று.

பேதைமை

அவ்வில்லத்தில் ஒருநாள் நடப்பதைக் கேண்மின்! காலையில், "கெட் அப்!" பிறகு, "பிரஷ்!" அதன்பின், "கம், ஈட்!" பையன் ஓடினால், "நோ! சிட்!" பள்ளி ஊர்தி வந்ததும், "கோ, கோ!" மாலையில், "ஹோம்வொர்க்!" இரவில், "ஸ்லீப்!" இவ்வளவே தந்தைக்கும் மகனுக்கும் நிகழும் ஆங்கில உரையாடல். அதே தெருவில் அடுத்த வீட்டார் தம் நாயுடன் பேசுவதையும் கேட்டுப் பார்மின்! "கம், சிட், கோ, நோ!" நாய்க்கு 'ஹோம்வொர்க்' இல்லை என்பது ஒன்றே வேற்றுமை.

இது நகைக்கு உரியதாயினும், உள்ளே ஒரு துயரம் உண்டு. அத்தந்தையிடம் உள்ள ஆங்கிலம் ஏவற்சொற்கள் சில. அன்பு காட்டவும், கதை சொல்லவும், கடிந்து திருத்தவும், தேற்றவும் அவர்க்கு அம்மொழியிற் சொல் இல்லை. தமிழிலோ அவர் பெருஞ்செல்வர். தம் செல்வத்தைப் பூட்டி வைத்துவிட்டு, தம்மிடம் இல்லாத காசைப் பிள்ளைக்கு எண்ணிக் கொடுக்கின்றார்.

சித்திரை முழுநிலா நாளன்று அழகர் வைகையில் இறங்கும்போது இதனைக் காணலாம். மகன் தந்தையின் தோள்மேல் அமர்ந்திருக்கின்றான். பொற்குதிரை ஊர்தி அசைந்து வருகின்றது; தோல்துருத்தி ஏந்தியவர்கள் நீரைப் பீய்ச்சி அடிக்கின்றனர். "டாடி, வொய் ஆர் தே ஸ்ப்ரேயிங் வாட்டர்?" என்று மகன் கேட்கின்றான். நல்ல வினா! தந்தைக்கு விடை தெரியும். அழகர் தங்கையின் திருமணத்துக்குப் புறப்பட்டு வந்த கதையும், வருமுன்னே திருமணம் முடிந்துவிட்டதனாற் சினந்து வண்டியூர்க்குத் திரும்பிய கதையும் அவர்க்குத் தெரியும். அவருடைய தந்தை அவரைத் தோளில் ஏற்றிக்கொண்டு அதே ஆற்றங்கரையில் சொன்ன கதைகள் அவை. ஆயின், அவற்றை ஆங்கிலத்திற் சொல்ல அவரால் இயலவில்லை. "தட்... தட் ஈஸ் ஃபெஸ்டிவல். சீ, சீ, ஹார்ஸ்!" என்கின்றார். வினா அங்கேயே மடிகின்றது. பிள்ளை ஆங்கிலமும் பெறவில்லை; அழகர் கதையும் பெறவில்லை.

இனி, உறவுச் சொற்கள். எந்தை என்றால் என் தந்தை. நுந்தை என்றால் உன் தந்தை. தந்தை என்றால் அவன் தந்தை. அவ்வாறே தாய்க்கும் யாய், ஞாய், தாய் எனச் சொற்கள் உண்டு. யார்க்கு உறவு என்பதையும் சொல்லுக்குள்ளேயே வைத்த மொழி தமிழ். மொழி முதலில் வரும் குற்றியலுகரத்துக்கெனத் தொல்காப்பியர் வகுத்த நூற்பா ஒரு முறைப்பெயரைச் சுட்டுகின்றது. அது நுந்தை என்பதே என்று உரையாசிரியர் காட்டுவர். தந்தையைக் குறிக்கும் ஒரு சொல்லின் முதலொலிக்குத் தனி விதி செய்த மொழியினர், அச்சொல்லை விட்டொழித்து 'டாடி' என்கின்றனர். பெரியம்மா, சித்தி, அத்தை, மாமி ஆகிய அனைவரும் 'ஆன்ட்டி' என்னும் ஒரே மூட்டைக்குள் கட்டப்பட்டனர். தாயோடு பிறந்தவளும் பால்காரர் மனைவியும் பிள்ளைக்கு ஒன்றாயினர்!

பொங்கல் விடுமுறையில் இக்குடும்பம் மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றுக்குச் செல்கின்றது. அப்பத்தாள் வாசலிலேயே காத்திருக்கின்றாள். பேரனின் பெயரில் வரும் வடவெழுத்து ஒலிகள் அவள் நாவிற்கு வாரா; ஆகலின் "என் தங்கமே!" என்று தழுவுகின்றாள். "சாப்பிட்டியாடா?" என்கின்றாள். "யா" என்கின்றான். அதன்பின் இருவர்க்கும் பேச ஒன்றில்லை. அவன் கைப்பேசியைத் திறக்கின்றான்; அவள் அவன் தலையைத் தடவிக்கொண்டே இருக்கின்றாள். அவள் நெஞ்சில் நூறு விடுகதை உண்டு. மழை வரும் குறி உண்டு. பயிரின் பெயரும் பறவையின் பெயரும் உண்டு. அக்குடும்பம் பஞ்சத்தில் பிழைத்த கதை உண்டு. அவ்வளவுக்கும் உரியவன் அப்பேரன். பெட்டி இருக்கின்றது; உரியவனும் இருக்கின்றான்; திறவுகோலைத்தான் தந்தையார் வைகையில் எறிந்துவிட்டார். எறிந்துவிட்டு அலுவலகத்தில் அதனைச் சொல்லி நகைக்கின்றார். பேதைமை பிள்ளையினுடையதோ? அன்று, தந்தையினுடையது.

மடன்

பிறர் கொளுத்தியதை ஆராயாது பற்றிக்கொண்டு விடாதிருத்தல் மடன் என்பர் உரையாசிரியர். "வீட்டிலும் ஆங்கிலம் பேசினால்தான் பிள்ளை பிழைக்கும்" என்பது தந்தையர்க்கு யாரோ கொளுத்தியது. அவர்தம் அச்சத்தை எள்ளி ஒதுக்குதல் அறமன்று. கடன்பட்டுக் கட்டணம் கட்டும் நெசவாளியும், ஆடு விற்றுப் பள்ளி ஊர்திக்குப் பணம் தரும் உழவரும் தம் பிள்ளை தம்மைப்போல் இடர்ப்படலாகாது என்றே அவ்வாறு செய்கின்றனர். அன்பு மெய்யானது, கொண்ட கருத்துத்தான் பொய்யானது.

ஆங்கிலத்தை ஒரு மொழியாக நன்கு கற்றல் வேறு. தாய்மொழியைக் கொன்று அவ்விடத்தில் ஆங்கிலத்தை உட்கார வைத்தல் வேறு. மதுரையை அடுத்த விளாச்சேரியில் 1870-இற் பிறந்த சூரியநாராயணர் பி.ஏ. பட்டம் பெற்றவர், சென்னைக் கிறித்துவக் கல்லூரியிற் பணியாற்றியவர். அவரே தம் பெயரைப் பரிதிமாற்கலைஞன் என்று தமிழாக்கிக்கொண்டவர். அதே கல்லூரியில் 1898 முதல் 1911 வரை தமிழ் பயிற்றிய மறைமலையடிகள் ஆங்கிலத்தில் இதழே நடத்தியவர். இவர்களுடைய ஆங்கிலம் இவர்களுடைய தமிழை விழுங்கிற்றா?

இக்காலச் சான்றும் உண்டு. 2008-இல் விண்ணிற் செலுத்தப்பட்ட முதல் நிலவுக் கலத்தின் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை தமிழ்வழியிற் பள்ளிக்கல்வி பெற்றவர். 2018 முதல் 2022 வரை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத் தலைவராயிருந்த சிவனும் அரசுப் பள்ளியில் தமிழ்வழியிற் படித்தவரே. நிலவை நோக்கிக் கலம் விடுத்தவர்க்குத் தமிழ்வழி தடையாகவில்லை. மாட்டுத்தாவணியில் தக்காளி வாங்கத் தடையாகுமோ? உலக நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பாகிய யுனெசுகோவும் பிள்ளைக்குக் கல்வி புகட்டச் சிறந்த வாயில் தாய்மொழியே என்று 1953-இலேயே அறிக்கை வெளியிட்டது. தமிழ்வெறியர் கூற்றென்று அதனை ஒதுக்க ஒருவராலும் இயலாது.

"அரசு பார்த்துக்கொள்ளட்டும்" என்பார் சிலர். அரசு செய்ததும் அதற்கு நேர்ந்ததும் யாவரும் அறிந்தனவே. தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்புவரை தமிழோ தாய்மொழியோ பயிற்றுமொழியாதல் வேண்டும் என்று 1999-இல் பிறந்த ஆணை, மறு ஆண்டே சென்னை உயர் நயன்மன்றத்தில் வீழ்ந்தது. 2006-இல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. அது தமிழை ஒரு பாடமாக்கிற்றே அன்றிப் பயிற்றுமொழி ஆக்கவில்லை. அதன்பின் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. கருநாடகத்தார் வழக்கில் 2014-இல் உச்ச நயன்மன்றம் தொடக்கக் கல்வியில் தாய்மொழியைக் கட்டாயமாக்க அரசுக்கு அதிகாரமில்லை என்றது. பயிற்றுமொழியைத் தேர்ந்துகொள்ளும் உரிமை பிள்ளைக்கும் பிள்ளையின் சார்பிற் பெற்றோர்க்குமே உண்டு என்று தீர்த்தது.

அத்தீர்ப்பைத் தமிழன்பர் பலரும் நொந்தனர், நொந்தது முறையே. ஆயினும் அதற்குள் ஓர் உண்மை இருக்கின்றது. தேர்வு தந்தையின் கையில் இருக்கின்றது என்றால், பொறுப்பும் தந்தையின் கையில்தான் இருக்கின்றது. இனி அவர் அரசைக் குறைகூறித் தப்ப இயலாது. பள்ளியில் எம்மொழியாயினும், வீட்டில் எம்மொழி என்று எந்த மன்றமும் ஆணையிடவில்லை. உண்ணும் இடத்திலும் உறங்கும் இடத்திலும் ஆட்சி அவருடையது. அவ்வாட்சியை ஒரு போரும் இல்லாமல் அயலாரிடம் ஒப்படைத்தவர் அவரே.

எள்ளல்

நான்காவது எள்ளல். அதுதான் கடைசியில் வருவது. கடுமையாக வருவதும் அதுவே.

மதுரையைச் சூழ்ந்த மண்ணைத் தோண்டினால் தமிழ்ப்பெயர் கிடைக்கின்றது. கீழடியிற் கிடைத்த பானையோட்டில் ஆதன் என்று கீறியிருக்கின்றது. மேலூர்ப் பக்கத்து மாங்குளம் குன்றில் நெடுஞ்செழியன் பெயரோடு கடலன் வழுதி என்பான் பெயர் ஈராயிரம் ஆண்டுகட்கு மேலாக நிற்கின்றது. அம்மண்ணின்மேல் நடப்பவர்தம் வீட்டிலோ, 'ஷ்' என்றோ 'ஜ்' என்றோ முடியாவிடின் பெயரே ஆகாது! பெயரைத் தேடி எண்கணியரிடம் ஓடுவர். பொருள் யாதென்று கேட்டால் விழிப்பர். அதனினும் நகைக்குரியது முன்னெழுத்து. பிள்ளையின் பெயர்க்கு முன் நிற்கும் அவ்வோரெழுத்து தந்தையையே குறிப்பது. தந்தை பெயர் கண்ணன் எனின் அது 'க'. பிள்ளை எழுதுவதோ 'கே'. முத்து எனின் 'மு', எழுதுவதோ 'எம்'. ஆக, மகனுடைய ஏட்டில் முதன்முதல் ஆங்கிலமாக்கப்பட்டவர் தந்தையார் தாமே! அரசு ஊழியர் தமிழிற் கையொப்பமிட வேண்டும் என்று 1978-இலும், முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021-இலும் தமிழ்நாட்டரசு ஆணையிட்டது. தம் பெயரின் முதலெழுத்தைக் காக்கவும் தந்தையர்க்கு அரசாணை தேவைப்பட்டது!

ஆண்டுகள் ஓடுகின்றன. பையன் பதினைந்தகவை அடைகின்றான். பள்ளியில் பெற்றோர் கூட்டம். தந்தை புதுச்சட்டை அணிந்து புறப்படுகின்றார். மகன் தயங்கித் தயங்கிச் சொல்கின்றான்: "டாடி, நீங்க வரவேண்டாம், மம்மி மட்டும் வரட்டும். உங்க இங்கிலீஷைக் கேட்டா ஃப்ரெண்ட்ஸ் சிரிப்பாங்க." அன்று அவ்வீட்டில் யாரும் நகைக்கவில்லை. தந்தை வாயிலில் நின்றவாறே தம் புதுச்சட்டையின் பொத்தானைத் தடவிக்கொண்டிருக்கின்றார். தமிழ் தாழ்ந்தது என்று அவர் நாள்தோறும் சொல்லாமற் சொல்லிக் கற்பித்த பாடத்தை மகன் நன்றாகவே கற்றுவிட்டான். தமிழ் தாழ்ந்ததாயின், தமிழன்றி வேறு நன்கு அறியாத தந்தையும் தாழ்ந்தவரே அல்லரோ? கணக்கு நேராகத்தான் இருக்கின்றது.

இதற்கு மாறான ஒரு வீடும் இந்நாட்டில் இருந்தது. 1916-ஆம் ஆண்டில், வேதாசலம் என்னும் பெயரினரான ஒரு தந்தை தம் மகள் நீலாம்பிகையுடன் தோட்டத்தில் உலவினார். வள்ளலாரின் பாட்டொன்றைப் பாடினார். அதில் வரும் 'தேகம்' என்னும் வடசொல்லின் இடத்தில் 'யாக்கை' என்னும் தமிழ்ச்சொல் நின்றிருப்பின் எவ்வளவு இனிமையாயிருக்கும் என்று மகளிடம் சொன்னார். மகளும் ஒப்பினாள். இனித் தூய தமிழே பேசுவது என இருவரும் உறுதி பூண்டனர் என்பது வரலாறு. தந்தை மறைமலையானார், ஞானசாகரம் அறிவுக்கடலாயிற்று. மக்களுள் திருஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பும், மாணிக்கவாசகம் மணிமொழியும், சுந்தரமூர்த்தி அழகுருவும், திரிபுரசுந்தரி முந்நகரழகியும் ஆயினர். பதின்மூன்றகவையில் தந்தையோடு அவ்வுறுதி பூண்ட அம்மகள், பின்னாளில் வடசொற்றமிழ் அகரவரிசை தொகுத்தளித்தார்.

அன்பர்களே, ஓர்மின்! தனித்தமிழ் இயக்கத்தின் வித்து மாநாட்டுப் பந்தலில் விழுந்ததன்று, அரசாணையில் விழுந்ததன்று. ஒரு தந்தை தம் பிள்ளையோடு வீட்டுத் தோட்டத்திற் பேசிய பேச்சில் விழுந்தது. எங்கே பிறந்ததோ அங்கேதான் அது காக்கப்படவும் வேண்டும்.

அதற்குப் பெரும்பொருள் வேண்டா. பிள்ளைக்குத் தமிழ்ப்பெயர் இடுக. தம் முன்னெழுத்தைத் தமிழில் எழுதப் பழக்குக. அப்பா, அம்மா, அத்தை, சித்தி என்னும் முறைப்பெயர்களை வாயார வழங்கச் செய்க. அங்காடிக்கு அழைத்துச் சென்று, எழுபத்தொன்பதை அவனையே எண்ணிக் கொடுக்கச் சொல்க. கோடை விடுமுறையில் ஒரு திங்கள் அப்பத்தாளிடம் விட்டுவருக. இரவில் ஒரு கதை, தமிழில், தம் வாயாற் சொல்க. ஆங்கிலமும் கற்கட்டும்; நன்றாகவே கற்கட்டும். ஆயினும் வீட்டு வாயிலில் அம்மொழி விருந்தினராய் நிற்கட்டும். வீட்டுத் தலைமையை ஏற்க வேண்டா.

அதன்பின் தந்தையார் வயிறு குலுங்க நகைக்கலாம். பிள்ளை சோற்றை இறைத்தால் நகைக்கலாம். நிலவைக் கேட்டு அடம்பிடித்தால் நகைக்கலாம். சொல்லை மாற்றிச் சொன்னால் நகைத்துத் திருத்தலாம். அறிவுடைநம்பி நகைத்த நகை அது. பிள்ளையும் அதே மொழியில் உடன் நகைக்கும்.